மூன்று வைரமும் மூன்றாவது உரிமையாளரும்

மூன்று லட்ச ரூபாயை வைத்துக்கொண்டு பழைய கார் தேடுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எட்டுப் பத்து வருடம் ஓடிய சின்ன கார். எந்த ஊர் முக்கிலும் அதற்கு மெக்கானிக் இருப்பார். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இன்னொன்று, இருபது வயதை நெருங்கும் அல்லது தாண்டிய மிட்சுபிஷி பஜேரோ, பழைய பென்ஸ் ஈ-கிளாஸ் போன்ற ஒரு வண்டி. புதிதாக வந்த காலத்தில் ஆலை முதலாளிகளும் அரசியல் பிரமுகர்களும் மட்டுமே ஏறியது. இன்று விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்த இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிப்காட் ஆலைகளுக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர், ரோலிங் மில் சூப்பர்வைசர், லாரி இரண்டு வைத்திருப்பவரின் மகன், டிப்ளமோ முடித்துச் சம்பளம் கொஞ்சம் நிமிர்ந்த இளைஞர். “வீடு ஓட்டுவீடு, வாசல்ல பஜேரோ” என்று ஊரார் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கனமான கதவு ‘டொப்’ என்று மூடும் சத்தத்துக்கும், நெடுஞ்சாலையில் நூறைத் தொட்ட பிறகும் அலுங்காமல் போகிற சுகத்துக்கும் ஆசைப்படுவதை, புதிய கார் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக யாரும் எழுதிவைக்கவில்லை. என் கவலை அவர்கள் ஆசைப்படுவதைப் பற்றியது அல்ல. வண்டியின் விலைதான் இறங்குகிறது, அதன் வகுப்பு இறங்குவதில்லை. உதிரிபாகத்தின் விலை, மெக்கானிக்கின் கூலி, குடிக்கும் எண்ணெய் எல்லாமே அது புதிதாக இருந்தபோது எந்த வகுப்போ அந்த வகுப்பிலேயே நிற்கின்றன.

இந்த மாவட்டத்துக்கு இந்த ஆசையைச் சொந்தம் கொண்டாட நியாயமும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி போகும் வழியில் உள்ள சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. ஃபார்முலா ஒன் ரக என்சைன் காரை விஜய் மல்லையா ஓட்டியது இங்கேதான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வரும்வரை, வேகமான வண்டி என்றால் எப்படி இருக்கும் என்பதைச் சுற்றுவட்டார ஜனங்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட இடம் சோழவரம்.

மாவட்டத்தின் மேற்கே, திருவள்ளூரை அடுத்த கடம்பத்தூர்ப் பக்கம் அதிகத்தூரில் இருந்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. அம்பாசடர் தயாரித்த அதே பிர்லா நிறுவனம். 1970களின் தொடக்கத்தில் அது திருவள்ளூருக்கு வந்தது கார் செய்வதற்காக அல்ல, மண் தள்ளும் எந்திரங்கள் செய்வதற்காக. அந்தப் பிரிவு பின்னாளில் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. கார் பக்கம் 1998இல் ஜப்பானின் மிட்சுபிஷியுடன் சேர்ந்து லான்சர் வெளிவந்தது. பிறகு பஜேரோ, செடியா, அவுட்லேண்டர், பஜேரோ ஸ்போர்ட். மாருதி எஸ்டீமையே பெரிய வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டில், பின்சக்கரத்துக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன் வைத்த லான்சர் வேறு உலகத்துப் பொருள். ஓட்டுகிறவர்கள் அதன் ஸ்டீயரிங்கைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். செடியா தேசிய ராலிப் பந்தயங்களில் எம்.ஆர்.எஃப். அணிக்கு வெற்றி தேடித் தந்தது.

அப்புறம் என்ன ஆனது? ஹோண்டா சிட்டியும் ஹூண்டாயும் சந்தையைப் பிடித்தன. லான்சரைப் புதுப்பிக்க வேண்டிய காலத்தில் புதுப்பிக்கவில்லை. 2014இல் இந்துஸ்தான் மோட்டார்ஸின் தாய் ஆலையான வங்காளத்து உத்தர்பாராவே மூடப்பட்டது. திருவள்ளூர் ஆலையில் சில காலம் இசுசு வண்டிகள் பூட்டப்பட்டன. 2016இல் இசுசு, ஆந்திர எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்து போய்விட்டது. பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த 2020க்குப் பிறகு புதிய மிட்சுபிஷி கார் எதுவும் இந்தியாவில் விற்பனையில் இல்லை. முகப்பில் மூன்று வைரச் சின்னத்தோடு தெருவில் நிற்கும் வண்டிகளுக்கு இன்று பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்று கேட்டால், அந்த வண்டியின் மூன்றாவது, நான்காவது உரிமையாளர்தான். கம்பெனியின் கடமையெல்லாம் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்ந்து அவர் பெயருக்கு மாறிவிட்டது.

விலை ஏன் இவ்வளவு சரிந்தது என்பதற்குக் காரணமும் இதுவே. வண்டி கெட்டுப்போனதால் விலை குறைந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பல நேரம் வண்டி நன்றாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியைக் கடல் தாண்டினால் பார்க்கலாம். இலங்கையில் 1980களின் லான்சர்களைக்கூட ஜனங்கள் போற்றி வைத்திருக்கிறார்கள். 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதியை அந்த நாடு நிறுத்தியது. 2025இல்தான் கார்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பானிய வண்டிகளின் விலை இறங்கவில்லை, ஏறியது. தேவை மட்டுமல்ல அதற்குக் காரணம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் போய் நின்றால் அந்த வண்டிகளுக்கான பாகம் கிடைக்கிறது, பூட்டத் தெரிந்த கை கிடைக்கிறது. பாகம் கிடைக்கும் ஊரில் கிழ வண்டிக்கும் மதிப்பு இருக்கும்.

சரி, இங்கே ஒருவர் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இவருக்காகவே சொல்லி வைத்தது போலிருக்கும். முதலில் ரப்பர். லான்சரின் புகழ்பெற்ற பின் சஸ்பென்ஷனில் கைகளும் புஷ்களும் நிறைய. சிப்காட் சாலைகளில் கம்பி லாரிகள் தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களில் நாலு மாதம் ஓடினால் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. எனவே வாங்கியவுடன் மாற்றிவிடுவதே புத்தி. அறுந்தால் செலவு பெல்ட்டோடு நிற்காது.

பென்ஸ் என்றால் கதை வேறு. 1995இல் புனேயில் டெல்கோவுடன் சேர்ந்து இந்தியாவில் முதலில் பூட்டப்பட்ட டபிள்யூ124 ஈ-கிளாஸ், உலகத்தின் மிக உறுதியான கார்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஜெர்மனியில் டாக்சியாகப் பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆனால் 1990களின் நடுவில் வந்த பெட்ரோல் இன்ஜின்களில் வயரிங்கின் மேலுறை காலப்போக்கில் பொடிந்து உதிரும் குறை உலகெங்கும் தெரிந்த விஷயம். அடுத்து வந்த டபிள்யூ210 துரு பிடிப்பதில் பேர் போனது. எண்ணூர், பொன்னேரிக் கடற்காற்றில் அதை வெளியில் நிறுத்தினால் சொல்ல வேண்டியதில்லை. அதற்கும் பெரிய எஸ்-கிளாஸில் காற்று சஸ்பென்ஷன். இரவு நிமிர்ந்து நிற்கும், காலையில் ஒரு பக்கம் படுத்திருக்கும். அதன் ஒரு காலை மாற்ற ஆகும் செலவில் ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம். சில நேரம் இரண்டு.

ஓட்டும் செலவையும் ஒரு தரம் கணக்குப் போட்டுவிடுவோம். வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர், மாதம் இருபத்தைந்து நாள். பஜேரோவின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜின் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தால், 92 ரூபாய்ச் சொச்சம் விற்கும் டீசலுக்கு மட்டும் மாதம் 15,000 ரூபாயைத் தாண்டும். 1500 சி.சி.க்கு மேற்பட்ட கார் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடத்துக்கு 7,897 ரூபாய், அதன்மேல் வரி. முழுக் காப்பீடு கேட்டால், ஐந்து வயதைத் தாண்டிய வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்யும் மதிப்புதான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு இழப்பீட்டில் பாதியைக் கழித்துவிடுவார்கள். இந்த வயது வண்டியில் போவதெல்லாம் அவைதானே!

வங்கிகள் பொதுவாக இவ்வளவு பழைய வண்டிக்குக் கடன் தருவதில்லை. ஆகவே நகை அடகுக்குப் போகிறது, அல்லது கையிருப்பு முழுவதும் ஒரே நாளில் கரைகிறது. முதல் பெரிய ரிப்பேர் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. வண்டி மெக்கானிக் ஷெட்டில் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும். பிறகு அடிமாட்டு விலைக்கு நான்காவது உரிமையாளருக்குக் கைமாறும். வண்டிக்குக் கொடுக்கும் தொகையில் பாதியையாவது முதல் வருட ரிப்பேருக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியாதவர் இதைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. வீட்டில் இருக்கும் ஒரே வண்டியாகவும் இது இருக்கக்கூடாது.

மலிவாகக் கிடைப்பவற்றில் இரண்டு ரகங்களை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒன்று, டெல்லி வண்டி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் அங்கே பத்து வருட டீசலுக்கும் பதினைந்து வருட பெட்ரோலுக்கும் தடை போட்டன. அப்போதிலிருந்து நல்ல நிலையில் உள்ள சொகுசு கார்கள் அங்கிருந்து வெளி மாநிலங்களுக்கு இறைக்கப்படுகின்றன. வயதான வண்டிக்கு பங்கில் எண்ணெய் ஊற்றக்கூடாது என்று 2025 ஜூலையில் சில நாள் அமலான உத்தரவால் பயந்துபோய், 84 லட்சத்துக்கு வாங்கிய பென்ஸை ஒருவர் இரண்டரை லட்சத்துக்குத் தள்ளிவிட்டதாகச் செய்தி வந்தது. கேட்கும்போதே நமக்குக் கை பரபரக்கும். ஆனால் அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்கும்வரை அது உங்கள் வண்டி அல்ல. அந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் கண்ட வண்டி. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களில் பல, முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனங்களால் ஏலம் விடப்பட்டவை. கழுவித் துடைத்து, சீட் துணி மாற்றி மறுபடி சந்தைக்கு வரும். சொகுசு கார் எவ்வளவுக்கு எவ்வளவு கம்ப்யூட்டர் நிறைந்ததோ, அவ்வளவுக்கு அவ்வளவு இது ஆபத்து. வயர் முனைகளில் பச்சை பூப்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பாகம் தேடும் படலம் தனி. முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பிறகு புதுப்பேட்டை. அங்கே இல்லையென்றால் ஷார்ஜாவிலிருந்து வரும் உறவுக்காரர். லான்சர்காரர்களுக்கு மலேசியா வழியும் உண்டு. அங்கே 1990களில் ஓடிய புரோட்டான் வீரா, லான்சரை அடியாகக் கொண்டு செய்யப்பட்டதுதான். 1.5 லிட்டர் இன்ஜின் இரண்டுக்கும் ஒரே 4ஜி15 குடும்பம். கிள்ளானிலிருந்து விடுமுறைக்கு வரும் அத்தை மகனின் பெட்டியில் மைலோ டப்பாவுக்கு அடியில் ஒரு வாட்டர் பம்ப் வருவதற்கு முழு வாய்ப்பு உண்டு.

எனக்குப் புரியாத இடம் இதுதான். பாடியும் அம்பத்தூரும் எவ்வளவு தூரம்? பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று டி.வி.எஸ். குடும்ப ஆலைகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்துவரும் இடம் பாடி. சுந்தரம் ஃபாஸனர்ஸ் செய்த ரேடியேட்டர் மூடி அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் ஏறியது. கும்மிடிப்பூண்டிக்கு அருகே தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை இருக்கிறது. லேத் பட்டறைகளுக்கும் ரப்பர் அச்சு வார்க்கிறவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. உலகத்துக்கே கார் பாகம் செய்து அனுப்பும் இடத்தில், இதே மாவட்டத்தில் செய்த காருக்கு ஒரு சஸ்பென்ஷன் புஷ் கிடைக்கவில்லை. வரைபடமும் அளவும் கம்பெனியிடம் இருந்தன. கம்பெனி கடையைக் கட்டியதும் அவையும் போய்விட்டன.

இதைச் சட்டத்தால் சரிசெய்யலாம். தென்கொரியாவில் ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் எட்டு வருடம் உதிரிபாகம் தர வேண்டிய கடமை உற்பத்தியாளருக்கு இருக்கிறது. இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022இல் ‘ரிப்பேர் உரிமை’ இணையதளம் தொடங்கியபோது கார்களையும் அதில் சேர்த்தது. அது தகவல் பலகைதான், கட்டாயம் எதுவும் இல்லை. செவர்லே 2017இல் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021இல் உற்பத்திக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தது. மிட்சுபிஷியும் இல்லை. இத்தனை பேர் வெளியேறியதைப் பார்த்த பிறகும், வெளியேறும் கம்பெனி பத்து வருடத்துக்குப் பாகம் தர வேண்டும், முடியாதென்றால் அளவுகளையும் ஸ்கேனர் மென்பொருளையும் வெளியிட வேண்டும் என்று ஒரு விதி எழுத நமக்கு என்ன தயக்கம்? ஆலைக்கு நிலமும் வரிச்சலுகையும் தரும்போதே இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கலாம். மாநில அரசுக்கு அந்த இடத்தில் பேசும் பலம் இருக்கிறது.

அரசு இப்போது செய்வது வேறொன்று. பதினைந்து வருடம் ஆனதும் தனியார் காரின் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், இருபது வயதைத் தாண்டிய காருக்கு 10,000 ஆக்கினார்கள். இறக்குமதி வண்டிக்கு 80,000. போதாததற்குப் பசுமை வரி. இதன் நோக்கம் பழைய வண்டியைச் சாலையிலிருந்து அகற்றுவது என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். புகை கக்கும் வண்டியை அகற்றட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கட்டணம் புகையைப் பார்ப்பதில்லை, வயதை மட்டும் பார்க்கிறது. வாரம் ஒருமுறை ஓடும் 2003 லான்சரும், தினமும் கரும்புகை விட்டுக்கொண்டு ஓடும் 2003 ஜீப்பும் அதற்கு ஒன்று.

கிளாசிக் வண்டி என்று கேட்டால், அதற்கும் ஒரு விதி இருக்கிறது. 2021 அறிவிப்பின்படி ஐம்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள். கண்காட்சிக்கும் ராலிக்கும் எண்ணெய் போடவும் ரிப்பேருக்கும் மட்டும் வெளியே எடுக்கலாம். ஜெர்மனியில் முப்பது வயதில் மூல வடிவம் கெடாத வண்டிக்குத் தனி நம்பர் பலகை கிடைக்கிறது. பிரிட்டனில் நாற்பது வயதில் வாகன வரி விலக்கு. இங்கே பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே முப்பத்தைந்து வருடம் ஒரு வண்டி என்னவாக இருக்க வேண்டும் என்று சட்டத்துக்கே தெரியவில்லை. 1998இன் முதல் லான்சர் ‘விண்டேஜ்’ ஆக 2048 வரை காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து வயதில் ஒரு நடுவகுப்பு வேண்டும். வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்று வரம்பு வைக்கட்டும். வருடா வருடம் பிரேக்கையும் புகையையும் கருவி வைத்துச் சோதிக்கட்டும். தேறியவருக்குக் கட்டணத்தைக் குறைக்கட்டும்.

இடையில் பெட்ரோலும் மாறிவிட்டது. இருபது சதவீத எத்தனால் கலந்த இ20 இப்போது எல்லா பங்கிலும். அதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில்தான் முறையாக உண்டு. பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 - 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம், அது அதிகச் செலவில்லை என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. பாகம் கடையில் கிடைக்கும் வண்டிக்கு அது உண்மை. கிடைக்காத லான்சருக்கு? மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு என் யோசனை, டேங்கை முக்கால்வாசிக்குக் குறையாமல் வைத்திருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், காலி இடம் அதிகமானால் டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

கடைசியில் எல்லா வண்டியும் காயலான் கடைக்குத்தான். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களுக்கு. பழைய இரும்பை உருக்கி முறுக்குக் கம்பி செய்யும் ஆலைகள் இங்கே நிறைய. ஒரு டன்னுக்குச் சற்று மேலே எடையுள்ள லான்சரைக் கிலோ முப்பது ரூபாய்க்குப் போட்டாலும் முப்பதாயிரத்துச் சொச்சம்தான் தேறும். அதே வண்டியைப் பிரித்தால் கியர்பாக்ஸ், கதவுகள், ஹெட்லைட், ஆல்டர்னேட்டர் என்று தனித்தனியாக அதைவிடப் பல மடங்கு தேறும். உருக்குவதற்கு முன்னால் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். புதுப்பேட்டையில் அது காலங்காலமாக நடக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு அது திருட்டு வண்டியின் பாகமோ என்ற சந்தேகம் போவதில்லை, ரசீதும் கிடைப்பதில்லை.

2021 வாகன அழிப்புக் கொள்கையின் கீழ் பதிவு பெற்று வரும் யார்டுகள் இரும்பை எடை போட்டு அனுப்புவதோடு நிற்கக்கூடாது. எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று சேஸிஸ் நம்பரோடு பாகங்களைப் பட்டியலிட்டு, இணையத்தில் போட்டு, ரசீதுடன் விற்க வேண்டும். ஜப்பானில் இது பெரிய தொழில். உருக்கு ஆலைகளும் லேத் பட்டறைகளும் நெடுஞ்சாலையும் துறைமுகமும் பக்கத்திலேயே இருக்கும் கும்மிடிப்பூண்டியைவிட இதற்குப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சிப்காட் அதற்குப் பத்து ஏக்கர் ஒதுக்கினால் போதும். அதிகத்தூரில் செய்த காரின் ஒரு கதவுக் கண்ணாடிக்காக ஷார்ஜாவில் ஆள் தேட வேண்டியிருக்காது.